சக்கரம் போகும் அகலம்

தனப்பிரியா தன் ஸ்கூட்டியையே கேட்டுக்குள் ஏற்றப் பயந்துகொண்டு ரோட்டோரம் நிறுத்துகிறவள். அவள் பரமத்தி வேலூரில் அன்வர் பாட்சாவின் வாடகைக் கடை முன்னால் போய் நின்று, "மண்ணு இறுக்கற மிஷின் ஒரு நாளைக்கு வேணுமுங்க" என்று கேட்டபோது, பின்னால் யாராவது ஆம்பிளை வருகிறாரா என்று அவர் எட்டிப் பார்த்தார். யாரும் வரவில்லை. வரவேண்டியவன் சேலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான்.

அவள் புருஷன் கலையரசன் போர்வெல் லாரி டிரைவர். வடக்கே ஏதோ ஒரு ஊரில் வேலை நடக்கும்போது இரும்புக் குழாய்கள் சரிந்து கால்மேல் விழுந்துவிட்டன. வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இடது காலுக்குள் கம்பி. இத்தனைக்கும் அவன் வாய் திறந்து ஒரு வார்த்தை புலம்பியதில்லை. வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்குத்தான் பேசினான்.

"நம்ம வாசல்ல வீல்சேர் உருளாது. நாலு பேரு தூக்கித்தான் உள்ள கொண்டு போகோணும். அப்படின்னா நான் வரலை புள்ள. தூக்கறதெல்லாம் வெளிய கொண்டு போற அன்னைக்கு வெச்சுக்கலாம்."

அழுதால் இந்தப் பேச்சை அவன் இன்னும் வளர்ப்பான் என்று தனப்பிரியாவுக்குத் தெரியும். சாத்துக்குடியை உரித்து அவன் கையில் வைத்துவிட்டு எழுந்துகொண்டாள்.

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஜேடர்பாளையம் பக்கம் அவர்கள் வீட்டு வாசல் மழைக்குச் சேறு, வெயிலுக்குப் புழுதி. அதனால் பேவர் பிளாக் கல் பதிப்பது என்று முடிவு செய்தாள். மேஸ்திரி வேல்முருகன் முந்தின நாள் வந்து மண்ணைச் சமன் செய்து, மேலே கருங்கல் பொடியான கிரஷர் தூளைப் பரப்பிவிட்டுப் போனார். "மிஷின் போட்டு இறுக்கி வைங்க, நாளைக்கு மத்தியானம் வந்து கல்லப் பதிச்சர்றேன். இறுக்காமப் பதிச்சா சக்கரம் போற தடமெல்லாம் குழியாயிருமுங்க" என்று சொல்லியிருந்தார். இன்று மிஷின் வருகிறது. நாளைக் காலையில் கலையரசன் வருகிறான். இடையில் வேறு நாள் கிடையாது.

அன்று விடியலில் மாமியார் சௌந்திரம் எல்லோருக்கும் முன்னால் எழுந்தாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வாசல் தெளிக்காமல் அவளுக்குப் பொழுது விடிந்ததில்லை. மகன் உயிரோடு திரும்பி வருகிற நேரத்தில் சும்மா இருப்பாளா? சாணியைக் கரைத்தாள். ஒரு வாளி போதவில்லை. தொட்டியில் இருந்த தண்ணீர் முழுவதையும் மொண்டு மொண்டு, கேட்டிலிருந்து கதவு வரை ஒரு மூலை விடாமல் தெளித்துத் தீர்த்தாள். தெளித்துவிட்டு நிம்மதியாகக் காப்பியும் குடித்தாள்.

அன்வர் பாட்சா குட்டியானை வண்டியில் மிஷினோடு வந்து இறங்கினார். அடியில் தட்டையான இரும்புப் பலகை, மேலே எஞ்சின், பின்னால் நீளமான கைப்பிடி. வாசலைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. இருந்தாலும் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்து பார்த்தார். மிஷின் நகரவே இல்லை. நின்ற இடத்திலேயே அமிழ்ந்தது. சுற்றிலும் தூளெல்லாம் ராகிக் களியாகத் தளதளவென்று ஆடியது.

எஞ்சினை நிறுத்திவிட்டு அவர் சொன்னார். "கையில புடிச்சா உருண்டை நிக்கற ஈரம் போதுமம்மா. இது சேறாப் போச்சு. ரெண்டு நாளாவது காயோணும். மிஷின நான் எடுத்துட்டுப் போறேன், காஞ்சதும் ஒரு போன் போடுங்க."

யார் தண்ணீர் விட்டது என்று யாரும் கேட்கவில்லை. சௌந்திரமே முன்னால் வந்தாள்.

"நாந்தானுங்க பாய் தெளிச்சேன். எம்பையன் வாரானேன்னு…"

தனப்பிரியாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மாமியாரை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடத்தான் திரும்பினாள். சௌந்திரத்தின் கால்விரல் இடுக்கிலெல்லாம் சாணி காய்ந்திருந்தது. புடவைக் கரை முழங்கால் வரை நனைந்திருந்தது. பாவம், இவளும் அவனுக்காகத்தானே இந்த வாசலைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறாள் என்று நினைத்ததும் வந்த வார்த்தை வாயிலேயே நின்றுவிட்டது. கேட்டிலிருந்து கதவு வரை வாசலைக் கண்ணால் அளந்தாள்.

"ஏனுங்க பாய், வாசல் முச்சூடும் வேண்டாம். வீல்சேரு போற அகலத்துக்கு மட்டும் இந்த ஈரத்தை வழிச்சுப் போட்டுட்டு, காஞ்ச தூளக் கொட்டினா ஆகாதுங்களா? ரோட்டோரம் தார்ப்பாய்க்கு அடியில மிச்சம் கெடக்குது."

அன்வர் பாட்சா ஒரு கம்பியை எடுத்து நடுவாசலில் குத்திப் பார்த்தார். கம்பி கொஞ்சம் இறங்கி நின்றுகொண்டது. "அடிமண்ணு கெட்டியாத்தான் இருக்குது. ஆகும்மா."

அவர் சொல்லி முடிப்பதற்குள் சௌந்திரம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள். வேண்டாம் அத்தை என்று சொன்னால் அழுதுவிடுவாள் போலிருந்தது, தனப்பிரியா சொல்லவில்லை. மாமியார் வழித்துக் கொடுக்க, மருமகள் சட்டியில் அள்ளிக்கொண்டுபோய்க் கொட்டினாள். அன்வர் பாட்சா வாட்சைப் பார்த்தார், கடையை நினைத்துக்கொண்டார், பிறகு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு காய்ந்த தூளைச் சுமந்தார்.

"இப்ப நீங்க புடிங்கம்மா. தள்ள வேண்டாம், அதுவாப் போகும். திருப்பறப்ப மட்டும் கையை விட்றாதீங்க."

மிஷின் கிளம்பியதும் தனப்பிரியாவுக்குப் பல்லெல்லாம் ஆடியது. கைப்பிடி அவளை இழுத்துக்கொண்டு போனது என்றுதான் சொல்ல வேண்டும். கேட்டுக்கும் கதவுக்குமாகப் போய்த் திரும்பினாள், மறுபடி போனாள். குதிகாலை ஊன்றினாலும் தடம் விழாத அளவுக்கு இறுகும் வரை அவள் நிறுத்தவில்லை. மத்தியானம் மேஸ்திரி வந்து கல் பதித்தார். பதித்த கல் உடையாமலிருக்க மேலே ரப்பர் விரிப்பைப் போட்டு மறுபடி மிஷினை ஓட்டினாள். சாயங்காலம் டம்ளரைப் பிடிக்க முடியாமல் அவள் விரல்கள் நடுங்கின. சௌந்திரம் கேட்காமலே பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கைகளைத் தன் மடியில் வைத்துத் தேங்காயெண்ணெய் தேய்த்துவிட்டாள்.

மறுநாள் கார் வந்து நின்றதும் தூக்கிவிடலாம் என்று அக்கம்பக்கத்து ஆட்கள் ஓடி வந்தார்கள்.

"ஆரும் தொட வேண்டாமுங்க," என்றாள் சௌந்திரம்.

இரண்டு பக்கமும் சேறும் மேடுமாகக் கிடந்த வாசலின் நடுவே புதுக் கல் பாதை மட்டும் நேராக இருந்தது. கலையரசன் அதைப் பார்த்தான். தன் கையாலேயே சக்கரத்தை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தான். எங்கேயும் இடறவில்லை. கூடத்துக்கு வந்ததும் தண்ணீர் கேட்டான், குடித்தான், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எதை எதிர்பார்த்தோம் என்று தனப்பிரியாவுக்கே தெரியவில்லை, ஆனாலும் மனசு சோர்ந்துபோனது.

சாப்பாடு முடிந்து மாமியாரும் மருமகளும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் கடகடவென்று சத்தம் கேட்டது. தனப்பிரியா ஈரக்கையோடு ஓடி வந்தாள். அவன் பாதி வாசல் போயிருந்தான்.

"ஏனுங்க, எங்கீங்க போறீங்க?"

"சும்மா. ரோட்டுல என்ன வண்டி போகுதுன்னு பாத்துட்டு வாரேன்."

அவன் உள்ளே வரவேண்டும் என்று மட்டும்தான் அவள் அத்தனை பாடும் பட்டாள். வெளியே போவான் என்பது அவள் நினைப்பிலேயே இல்லை. கேட்டைத் திறந்துவிட ஓடப்போனவளின் கையைச் சௌந்திரம் பிடித்துக்கொண்டாள்.

"உடு சாமி. போயிட்டு வரட்டும்."

கேட்டின் கொண்டியை அவனே எட்டி நீக்கினான்.