கதவைக் கழற்றிய புதன்கிழமை

புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு என் கணவர் என் அறைக் கதவைக் கழற்றினார். இரண்டு மணிக்கு எனக்கு வேலை ஆரம்பம். இவ்வளவு சொன்னதுமே என் நிலைமை உங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை என்றால், உங்கள் வீட்டில் வேலை போன ஆள் யாரும் இருந்ததில்லை என்று அர்த்தம். கொடுத்து வைத்தவர்கள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். பதினாறு வருஷம் ஒரே கம்பெனி. நான்கு மாதத்துக்கு முன்னால் அதை இழுத்து மூடிவிட்டார்கள். முதல் வாரம் தூங்கினார். இரண்டாவது வாரம் எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அன்றைக்கே நான் டூல் பாக்ஸை ஒளித்து வைத்திருக்க வேண்டும்.

ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை இறக்கி ஏற்றினார். அது ஆட ஆரம்பித்தது. சமையலறை அலமாரியை ஒரு முழம் உயர்த்தினார். உப்பு டப்பா எடுக்க எனக்கு இப்போது முக்காலி வேண்டியிருக்கிறது. காலிங் பெல்லைப் பிரித்து மாட்டினார். இப்போது அழுத்தினால் அடிப்பதில்லை, விரலை எடுத்தால்தான் அடிக்கிறது.

"லிஃப்ட்காரன் கையில வீட்டக் குடுத்தா வேற என்ன ஆகும்? ஒண்ணு மேல போகும், இல்ல கீழ போகும்" என்றார் என் மாமனார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கொஞ்சம் சும்மா இருங்கள் என்று ஒரு மனிதரிடம் எப்படிச் சொல்வது? சும்மா இருப்பதுதானே அவருக்கு வியாதியே.

ஆனால் என் வேலைக்குச் சத்தம் ஆகாது. ஒரு வாஷிங் மெஷின் கம்பெனிக்கு வரும் புகார்களை வீட்டிலிருந்தே ஃபோனில் கேட்டு எழுதுகிறேன். இரண்டு மணியிலிருந்து எட்டு மணி வரை. எல்லாம் ரெக்கார்ட் ஆகும், பின்னால் ஒருவர் தும்மினால்கூட விழும். முதல் தடவை சுத்தியல் சத்தம் விழுந்தது. இரண்டாவது தடவை ட்ரில். ஓர் அம்மா தன் மெஷின் எப்படிக் கத்துகிறது என்று விளக்கத் திணறிக்கொண்டிருந்த நேரத்தில் இவர் சுவரைத் துளைத்தார். "ஆங், இதே சத்தம்தாங்க. அப்படியே இதேதான்" என்றார் அந்த அம்மா சந்தோஷமாக.

எங்கள் சூப்பர்வைசர் நல்ல பெண். "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது மேடம். ஆனா இன்னொரு தடவை வந்தா உங்க லைனையே எடுத்துடச் சொல்லிட்டாங்க. என் கையில ஒண்ணும் இல்ல" என்றாள்.

வீட்டில் இருப்பது இந்த ஒரு சம்பளம்தான். சூப்பர்வைசர் சொன்னதை இவரிடம் சொன்னபோது முகம் செத்துவிட்டது. ட்ரில்லைத் துணி சுற்றிப் பரணில் போட்டார். மூன்று நாள் வீடு அமைதியாக இருந்தது. அந்த மூன்று நாளில் திங்கட்கிழமை ஓர் ஆஸ்பத்திரிக்கு இன்டர்வியூவும் போய்வந்தார். ஏழு மாடி, நான்கு லிஃப்ட், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். புதன் சாயங்காலம் ஐந்துக்குள் கூப்பிடுவோம், கூப்பிடாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார்களாம்.

புதன்கிழமை விடிந்ததிலிருந்து ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கூண்டுக்குள் நடப்பது போல நடந்தார். நடந்தவர் கண்ணில் என் அறைக் கதவு பட்டது.

"இது தரையில உரசுது பாரு. இந்தச் சத்தமும் ரெக்கார்டுல விழும்ல? அடியில கொஞ்சம் இழைச்சு விட்டுடறேன். ஒரு மணிக்குள்ள மாட்டிடுவேன்."

எனக்காகத்தான் செய்கிறார். அதனால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. எனக்காக இல்லையென்றால் வாய்விட்டுத் திட்டியாவது இருப்பேன்.

வராந்தாவில் இரண்டு நாற்காலிமேல் கதவைக் கிடத்தி, ஒரு மணிநேரம் இழைத்தார். தூக்கிவந்து நிலையில் வைத்துப் பார்த்தார். கதவு கீழே அப்படியேதான் உரசியது. மேலே அரை விரல் சந்து.

"மேல இழைச்சிருக்கீங்க" என்றேன்.

அவர் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். "லிஃப்ட் கதவு மேலேர்ந்துதான் தொங்கும். எது உரசினாலும் மேலதான் சரி பண்ணணும். கை அதுவா அங்க போயிடுச்சு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். மணி ஒன்று ஐம்பது, சிரிப்பா வரும்? திரும்ப மாட்டவும் முடியாது. பழைய திருகு ஓட்டையெல்லாம் விரிந்துபோயிருந்தது, கட்டை அடித்து இறுக்கினால்தான் நிற்கும். அடித்தால் சத்தம்.

"நீ போய் உக்காரு. நான் பாத்துக்கறேன்" என்றார்.

கட்டிலிலிருந்து மெத்தையை உருவிவந்து அறை வாசலில் நிமிர்த்தி, ஹாலில் நின்றபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மாமனாரிடம் டிவியை நிறுத்தச் சொன்னார்.

"எட்டு மணி வரைக்குமா? அப்போ எனக்கும் வேலை போச்சுன்னு சொல்லு" என்று முனகிக்கொண்டே அவர் நிறுத்தினார்.

நான் ஹெட்ஃபோனை மாட்டினேன். மெத்தைக்கு மேலே அவர் தலைமுடி தெரிந்தது. ஓரத்தில் ஒரு கையகலச் சந்து. அதில் அவர் தோளும் சட்டைப்பையும். இரண்டரை ஆயிற்று, மூன்றரை ஆயிற்று. பத்து நிமிஷம் ஓரிடத்தில் கால் பாவாத மனிதர் அசையாமல் நின்றார்.

நாலே முக்காலுக்கு ஒரு பெரியவர் லைனில் வந்தார். அவர் வீட்டு மெஷின் துணி பிழியும்போது நடக்கிறதாம். "நேத்து பாத்ரூம் வாசல் வரைக்கும் வந்துடுச்சும்மா. நிறுத்தலைன்னா தெருவுக்கே போயிருக்கும்" என்றார். நான் மாடல் நம்பர் கேட்டேன். அப்போது சந்தில் சட்டைப்பை மினுங்கியது.

சைலண்டில் போட்டிருந்த ஃபோன் மினுங்கி மினுங்கி அணைந்தது. அவர் எடுக்கவில்லை. கையை விட்டால் மெத்தை என் மேஜைமேல் சாயும், வாயைத் திறந்தால் ரெக்கார்டில் விழும். மறுபடி மினுங்கியது. நான் கையால் சைகை காட்டினேன். அவர் சந்து வழியே என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டினார். நீ பேசு என்று உதட்டை மட்டும் அசைத்தார். மணி நாலு ஐம்பத்திரண்டு.

அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு ரெக்கார்ட் மறந்துபோனது. "யோவ், எடுய்யா ஃபோனை" என்று கத்தினேன். பதினோரு வருஷக் குடித்தனத்தில் அவரை நான் 'யோவ்' என்றதில்லை.

மெத்தை சாய்ந்தது. தண்ணீர்ப் பாட்டில், கீபோர்டு எல்லாம் உருண்டன. "என்னம்மா, அங்கயும் மெஷின் நடக்குதா?" என்று பெரியவர் என் காதில் கேட்டார். அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

"வணக்கங்க. ஆமாங்க, நான்தாங்க" என்று இவர் ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தார். "நாளைக்கேவா? காலைல ஏழுக்கா?" கழற்றிய கதவைப் பார்த்தார். "மதியத்துலேர்ந்து வரட்டுங்களா? வீட்டுல ஒரு கதவு பாக்கி இருக்கு..."

அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன்.

"வந்துடறேங்க. ஏழுக்கே வந்துடறேன்."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான். மாமனார் எழுந்து டிவியைப் போட்டார்.

மறுபடி லாகின் செய்யப் பார்த்தேன், கம்ப்யூட்டர் விடவில்லை. ஆறு மணிக்குச் சமையலறையில் நின்றபோது சூப்பர்வைசரிடமிருந்து மெசேஜ் வந்தது. 'ரெக்கார்ட் மேலிடத்துக்குப் போய்விட்டது மேடம். நாளையிலிருந்து நீங்கள் லாகின் செய்ய வேண்டாம். என்னை மன்னித்துவிடுங்கள்.' மூன்றாவது சத்தம் சுத்தியலும் இல்லை, ட்ரில்லும் இல்லை. நான்தான்.

இரண்டு தடவை படித்துவிட்டு ஃபோனை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்.

ஹாலில் அவர் நாளைக்குப் போட வேண்டிய சட்டையை இஸ்திரி போட்டு முடித்திருந்தார். "உங்க ஆபீஸ்ல ஏதாவது சொன்னாங்களா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல. நெட்டு போயிடுச்சுன்னு சொல்லிட்டேன். இன்னிக்கு வேண்டாம்னுட்டாங்க."

"நல்ல பொண்ணு அது" என்று சொல்லிவிட்டு, தன் அப்பா பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து டிவி பார்க்க ஆரம்பித்தார். நான்கு மாதத்தில் அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நாளைக்கு அவர் வேலைக்குப் போய்த் திரும்பட்டும், அதற்கப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். துடைத்த அடுப்பைத் துடைத்தேன். ஹாலுக்கு வந்தேன், மெத்தையைத் தட்டிப் போட்டேன், திரும்பச் சமையலறைக்குப் போனேன், முக்காலியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தினேன், மறுபடி ஹாலுக்கு வந்தேன்.

"எதுக்கு இப்படி நடந்துகிட்டே இருக்க? வந்து உக்காரேன்" என்றார்.

"சும்மாதான்" என்றேன்.