ஆம்பே பலகை காட்டிய பச்சை

"உன் பள்ளிக்கூடத்துலதான் முதல்ல போடப் போறோம். நல்லா ஓடிச்சுன்னா இன்னும் இருபது ஊருல கேப்பாங்க."

"இருபது ஊருக்கும் நீயேதான் போகணுமா?"

"பின்ன, பலகை தானா நடந்து போகுமா?"

போன மாதம் தலைநகர் அக்ராவிலிருந்து கணவன் செலோர்ம் தொலைபேசியில் பேசியது, ஹோ நகரத்துப் பள்ளி மைதானத்தில் நின்ற ஆசிரியை எனியோனமின் காதில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. கல்யாணமாகி ஆறு வருஷம். மாதம் ஒருமுறை வந்து போகிறவனிடம், இங்கேயே இருந்துவிடு என்று கேட்க அவளுக்கு நா எழவில்லை.

இப்போது தான் செய்த பலகையோடு அவனே வந்து, அதைத் தரையில் போட்டிருந்தான். இரண்டு சிறுமிகள் எதிரெதிரே நின்று கைதட்டி, குதித்து, ஒரு காலை நீட்டும் ஆம்பே ஆட்டத்துக்கானது. கால்கள் ஒரே பக்கமாக வந்தால் ஒருத்திக்கு வெற்றி. மாறி வந்தால் மற்றவளுக்கு. வென்றவளின் காலடியில் பச்சை விளக்கு எரிய வேண்டும். எரிந்தது, ஒவ்வொரு தடவையும் தோற்றவளின் காலடியில்.

"அங்கிள், உங்க பலகைக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்றாள் ஐந்தாம் வகுப்பு யாய்ரா. "ஜெயிச்சது நான்."

"சும்மா இரும்மா. கணக்கு சரியாத்தான் இருக்கு." செலோர்ம் மூன்றாம் முறையாக மடிக்கணினியைத் திறந்தான். நாளை பலகையைப் பார்க்க அதிகாரிகள் வருகிறார்கள்.

எனியோனமுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. இடதும் இடதும் சேர்ந்தால் ஒரே பக்கம் என்று எழுதி வைத்திருக்கிறான். எதிரே நிற்பவளுக்கு வலதுதானே அந்தப் பக்கம்? ஆம்பே குதித்து வளர்ந்தவனா அவன்?

சொன்னால் பலகை ஓடும். இவன் இருபது ஊர் சுற்றுவான். சொல்லாவிட்டால் தலை குனிந்து வீட்டோடு வந்துவிடுவான். அப்படி வருகிறவனா வேண்டும்? மண்டை குழம்பியது. குழப்பத்தோடே செருப்பைக் கழற்றினாள்.

"வா, என்கூடக் குதி."

"நானா? இது பொம்பளப் புள்ளைங்க ஆட்டம்டி."

பிள்ளைகள் விடவில்லை. மூட்டை விழுந்தது போல் குதித்து இடது காலை நீட்டினான். அவளும் இடதையே நீட்டினாள்.

"ரெண்டு காலும் நேருக்கு நேராவா இருக்கு?"

குனிந்து பார்த்தான். கால்கள் ஆளுக்கொரு பக்கமாக இருந்தன. "ஆறு மாசமா இதைச் செய்றோம், கூட இருக்கிறவன் எவனும் சொல்லல."

"எவளையாச்சும் கேட்டீங்களா?"

ஒரு வரியை மாற்றினான். பச்சை சரியாக எரிந்தது. யாய்ரா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினாள். செலோர்மின் சிரிப்பைப் பார்க்க எனியோனமுக்கு நிறைவாக இருந்தது, அழுகையும் வந்தது. எது எதற்கென்று அவளுக்கே பிடிபடவில்லை.

"என்ன ஒரு மாதிரி இருக்க? உன்னாலதான் வேலை முடிஞ்சுது. என்ன வேணும், கேளு."

"ஊர் ஊராப் போக வேற ஆள அனுப்பு," என்றாள். "நீ இங்கயே இரு, செலோர்ம். என்கூட."