பைதம் என்பவரின் கல்வேலி

தீவில் நீர் ஏறும்போது அந்த வெள்ளைக்காரருடைய நாட்குறிப்பில் எழுத்துகள் மூழ்கிவிடும்; வற்றும்போது வெளியே வரும். ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள தோரஸ் நீரிணைக்கு வந்து, மண்டையை அளந்து, புகையிலை கொடுத்து, கதை கேட்டு எழுதிக்கொண்டுபோன நோட்டு அது. சீமையில் ஓர் அருங்காட்சியகத்தில் நூறு வருஷம் இருந்தது. பாதி நேரம் எழுத்தாகவும் பாதி நேரம் வெற்றுத்தாளாகவும் இருந்ததைப் பார்த்த படித்தவர்கள், மை சரியில்லை என்று முடிவுகட்டி ஈரம் படாத பெட்டியில் வைத்தார்கள். பெட்டிக்குள் அவ்வப்போது நண்டுக்குஞ்சு கிடந்ததை எலித்தொல்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

நோட்டு தீவுக்குத் திரும்பி வந்ததற்குக் காரணம் பெத்சேபா. அவளுடைய பூட்டன் சிகாய், பவளப்பாறை ஓரத்தில் கல் அடுக்கி ஒரு வேலி கட்டியிருந்தான். ஏறுகிற நீரோடு உள்ளே வந்த மீன், வற்றுகிற நீரோடு வெளியே போக முடியாது. தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பம் அதில்தான் சாப்பிடுகிறது. அந்த இடத்தை முத்து வளர்க்கிற கம்பெனிக்குக் கொடுக்க அரசாங்கம் நினைத்தது. வேலி சிகாயுடையது என்று தீவே சொன்னது. வாய்ச்சொல் போதாது, பழைய காலத்து எழுத்து வேண்டும் என்றது கோர்ட்; அதற்காகத்தான் அவள் நோட்டை வரவழைத்தாள்.

நீர் வற்றிய ஒரு மதியம், தேவாலயக் கூடத்தில் பெத்சேபாவின் மருமகன் ஆரோன் உரக்கப் படித்தான்: 'இக்கல்வேலி பைதம் என்பவரின் பரம்பரைச் சொத்து என்று தாபு கூறினான். பைதம் பெரிய மனிதராக இருக்க வேண்டும். பலமுறை கேட்டும் அவரைச் சந்திக்க விடவில்லை.'



"பைதம்ங்கறது தாபு வளத்த நாயில்ல?" என்றாள் பெத்சேபா. "பாதிரியார் செபம் பண்றப்ப ஆமைக் கொழுப்பத் திருடித் தின்னுச்சுன்னு சொல்லுவாங்களே, அது."

"அப்ப நாம நாய் வம்சமாக்கா?" என்றான் அவள் தம்பி கபாய்.

"ஒன் மூஞ்சியப் பாத்தா தெரியலயாடா?"

சிரித்துவிட்டு அவள் முந்திக்கொண்டு வெளியே போனாள். வேலி போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் தாபுவை யாரும் குறை சொல்லவில்லை. அவன் சிகாயின் மகளைக் கட்டியவன். மாமனார் மாமியார் பெயரை மருமகன் வாயால் சொல்லக்கூடாது, இன்றைக்கும் அப்படித்தான். வெள்ளைக்காரரோ பென்சிலும் கையுமாக விடாமல் நின்றிருக்கிறார். நாய் குறுக்கே போயிருக்கிறது.

கோர்ட்டில் நோட்டைத் திறந்தபோது தீவில் நீர் உச்சத்தில் இருந்தது. வெற்றுத்தாள் என்றார் அரசு வக்கீல். "தண்ணி நிக்குதுங்கய்யா. சாயங்காலம் பாருங்க," என்றாள் பெத்சேபா. நீதிபதி சாயங்காலம் பார்த்தார், படித்தார், பைதம் யார் என்று கேட்டார். அவள் ஒளிக்காமல் சொன்னாள். மாமனார் பெயரைச் சொல்ல முடியாமல் நாய் பெயரைச் சொல்கிறவன் உலகத்தில் உண்டா என்று வக்கீல் சிரித்தார். அதோடு விட்டிருக்கலாம். சாட்சிக்கூண்டில் நின்ற ஆரோனிடம், வழக்குப் போட்டவர் பெயர் என்ன என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

ஆரோன் கூரையைப் பார்த்தான். "அதோ, செவப்புப் பூப்போட்ட கவுன் போட்டிருக்காங்களே, அவங்க."

"பெயர்?"

ஆரோன் சுற்றுமுற்றும் பார்த்தான், கோர்ட்டில் நாய் இல்லை. "ஸ்டெல்லா," என்றான். அது அவனுடைய படகின் பெயர்.

நீதிபதி ஸ்டெல்லா என்று எழுதினார், மனுவில் பெத்சேபா என்றிருப்பதைப் பார்த்தார், ஆரோனைப் பார்த்தார், பேனாவை மூடினார்.

வேலி பெத்சேபாவுக்கே என்று தீர்ப்பாயிற்று. இறந்தவர்களுக்குச் செய்கிற தீவு வழக்கப்படி பைதத்துக்குக் கல் நட்டு, துணி போர்த்தி, துணியை விலக்கி விருந்து வைத்தார்கள். தீர்ப்பைப் படிக்காத அதிகாரி ஒருவர் அரசாங்கத்தின் சார்பில் வந்து, தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலைவர் பைதத்தின் தீர்க்கதரிசனத்தைப் புகழ்ந்தார். வெகுதூரம் வந்தவர் என்பதால் யாரும் எதுவும் சொல்லவில்லை. கல்லின்மேல் வைத்த ஆமைக் கொழுப்பு, எல்லோரும் செபத்துக்குக் கண் மூடிய நேரத்தில் காணாமல் போனது.

நோட்டு இப்போது தேவாலயக் கூடத்தில், பூட்டில்லாத அலமாரியில் இருக்கிறது. பெத்சேபா காலையில் டீயைக் குடித்துவிட்டுப் போய்த் திறந்து பார்ப்பாள். எழுத்து தெரிந்தால் கூடையை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போவாள். தெரியாவிட்டால் வீட்டுக்குத் திரும்பி இன்னொரு டீ போடுவாள்.