ஒருமை அறையில் ஒரு கிடா

வளைகுடாவில், சத்வா பகுதியின் தையல் கடைகளுக்குப் பின்னால் இருந்த பழைய குடோனை வாடகைக்குப் பிடித்து, அல்பேனியப் பேராசிரியர் அக்ரோன் ஒரு கண்காட்சி வைத்திருந்தார். தங்கள் மொழியில் சில சொற்களின் பன்மை ஏன் தாறுமாறாக வருகிறது என்பதை உலகத்துக்குக் காட்டியே தீருவதென்று ஒற்றைக் காலில் நின்றார். ஒருமை அறையில் ஒரு செம்மறிக் கிடா, பன்மை அறையில் இரண்டு. காவலுக்கு ரெங்கராஜ்.

தினமும் மாலை ஐந்து மணிக்குச் சூப்பர்வைசர் கௌஸ் முகைதீன் வந்து தலை எண்ணுவார். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் காவலாளிக்கு லீவு கிடையாது. வெள்ளிக்கிழமை ஊரில் ரெங்கராஜின் தங்கை அகிலாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மோதிரம் போட அவனை விட்டால் ஆளில்லை. லீவுத் தாளில் இன்றைக்குக் கையெழுத்து விழுந்தாக வேண்டும்.

மதியம், ரெங்கராஜோடு ஒரே ரூமில் தங்கியிருக்கும் வீரபாண்டி ஏசிக் காற்று வாங்க வந்தான்.

“இது என்னடா கூத்து?”

“அவங்க பாஷையில கிடான்னா ‘தஷ்’. ரெண்டு மூணுன்னா ‘தெஷ்’. அந்தக் காலத்துல கடைசியில ஒரு ‘இ’ இருந்துச்சாம். அது நடுவுல இருந்த ‘அ’வை ‘எ’யா மாத்திட்டு, தான் உதிர்ந்து போயிருச்சாம்.”

“வந்த வேலைய முடிச்சுட்டு எக்சிட்ல ஊருக்குப் போயிருச்சுன்னு சொல்லு.”

வீரபாண்டி ஊரில் ஆட்டுக் கிடை போட்டவன். ஒருமை அறைக்குள் எட்டிப் பார்த்தவன் தலையில் அடித்துக்கொண்டான்.

“கொம்பைப் பாத்து ஏமாந்துட்டீங்களே மாப்ள! இது பொட்டை. இன்னைக்கே ஈனப்போகுது.”

நாலே முக்காலுக்குக் குட்டி விழுந்தது. பன்மை அறையில் ஒளித்து வைக்கலாமென்றால் அங்கே பேராசிரியரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெளியே கொண்டுபோகலாமென்றால் வாசலில் கேமரா. ரெங்கராஜ் குட்டியைத் துடைத்து, யூனிஃபார்ம் சட்டைக்குள் விட்டுப் பொத்தானைப் போட்டான்.

கௌஸ் முகைதீன் வந்தார். எண்ணினார். ஒன்று.

“ம்மே” என்றது சட்டை.

“வயித்துல என்னப்பா சத்தம்?”

“காலையிலேர்ந்து ஒன்னும் சாப்பிடல பாய்.”

ஆடு எழுந்து வந்து ரெங்கராஜின் வயிற்றை நக்கத் தொடங்கியது. அவன் கூரையைப் பார்த்தான். அவர் ஆட்டைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், கையிலிருந்த லீவுத் தாளைப் பார்த்தார்.

“உள்ள இருக்கறதை எண்ணச் சொல்லி எனக்கு ஆர்டர் இல்ல” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். “கலாஸ், முடிஞ்சுது. ஆனா நீ போற இருபது நாளும் இங்க வயிறு குறையக் கூடாது. யார் டூட்டி பாப்பாங்க?”

ரெங்கராஜ், இன்னும் ஏசிக்கு அடியில் நின்றுகொண்டிருந்த வீரபாண்டியைப் பார்த்தான்.

“டேய், என்னை ஏண்டா பாக்குற?” என்று வீரபாண்டி இரண்டடி பின்னால் நகர்ந்தான். அதற்குள் பாய் அவனுக்குச் சட்டை அளவு கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

அகிலாவின் கல்யாணம் நல்லபடியாக முடிந்து ரெங்கராஜ் திரும்பியபோது, வீரபாண்டியின் சட்டையில் மூன்று பொத்தான்கள் தெறித்துப் போயிருந்தன. கழுத்துப் பக்கம் எட்டிப் பார்த்த குட்டிக்குக் கொம்பு முளைத்துக்கொண்டிருந்தது.