எதால் வகுபடும்

பேருந்து ஓட்டுநரான அவர், கணினியை அணைக்கக் கை நீட்டிய தன் மனைவியைத் தடுத்துவிட்டார்.

"அவ ஆரம்பிச்சது. முடியட்டும்."

மகள் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. கல்லூரியில் கணிதம் படித்துக்கொண்டிருந்தவள். தூங்கப் போனவள் காலையில் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றிருக்கிறது, ஏன் நின்றதென்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றார் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர். நல்ல மனிதர். சொல்லிவிட்டு இவர்கள் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று காலையிலும் அவள் அறையில் கணினி உறுமிக்கொண்டுதான் இருந்தது.

"ரெண்டை ரெண்டாலயே பெருக்கிக்கிட்டே போய், கடைசில ஒண்ணைக் கழிக்கணும்ப்பா. எழுதினா கோடிக்கணக்குல இலக்கம் வரும். அது பகா எண்ணான்னு பாக்குறேன்" என்று ஒருநாள் விளக்கியிருந்தாள். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் வகுபடாத எண். "ஒரு ஒண்ணைக் கழிக்கவா இவ்வளவு பெருக்குன?" என்று அவர் கேட்டதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள்.

இப்போது பணிமனையிலிருந்து வந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் அந்த அறைக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறார். திரையில் சதவீதம் ஊர்வதையே பார்த்துக்கொண்டிருப்பார். மனைவிக்கு அந்தக் கணினி விசிறியின் சத்தம் காதில் ஊசி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். யார் யாருக்கோ என்ன குறை என்று நாள் முழுக்க எழுதிக் கொடுக்கிறாள். பெற்ற பெண்ணுக்கு எழுத ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கணினியில் அந்த எண்ணின் சோதனை முடிந்தது. திரையில் வந்த வரி புரியாமல் மகளின் வகுப்புத் தோழியை வரவழைத்தார்கள். அவள் நின்றபடியே படித்தாள்.

"பகா எண் இல்ல, அங்கிள்."

"அப்போ வகுபடுமா?"

"ம்."

"எதால?"

"அது தெரியாது. இந்தச் சோதனை வகுபடும்னு மட்டும்தான் சொல்லும். எதாலன்னு சொல்லாது. யாருக்கும் தெரியாமலேகூடப் போகலாம்."

"அதெப்படிம்மா? காரணம் தெரியாம முடிவை மட்டும் எப்படி அடிச்சுச் சொல்றாங்க?" அவர் குரல் உடைந்துவிட்டது. "எதாலன்னு சொல்லணுமா இல்லையா?"

தோழி திகைத்துப்போய் அவர் மனைவியைப் பார்த்தாள்.

"சின்னப் பொண்ணுகிட்ட என்னத்தைக் கேக்குறீங்க" என்றாள் மனைவி. மருத்துவமனையில் அழாதவள், சுடுகாட்டுக்கு வண்டி கிளம்பியபோதும் அழாதவள், அப்படியே மகளின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மகள் போனதிலிருந்து இருவரும் அந்தக் கட்டிலைத் தொட்டதில்லை.

வெகுநேரம் கழித்துத் தோழி மெல்லக் கேட்டாள். "அடுத்த எண்ணைப் போடட்டுமா, ஆன்ட்டி?"

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே தூறல் விழ ஆரம்பித்திருந்தது. எதிர்மாடியில் ஒருத்தி கொடியிலிருந்த துணிகளை அவசர அவசரமாக உருவித் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சின்னச் சட்டை மட்டும் கைநழுவி, கைப்பிடிச் சுவரைத் தாண்டி, மெதுவாகத் தெருவுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.