ஓங்கி ஒரு அடி

கோட்டைச்சாமி கிடாரா, வெள்ளைத்துரை கிடாரா என்று சண்டை போடாத ஆள் அப்போது எங்கள் பக்கத்தில் கிடையாது. விருதுநகர் மிளகாய் மண்டியில் பேசினார்கள், கம்பெனி பஸ்ஸில் பேசினார்கள், தலையில் பேன் பார்த்துக்கொண்டும் பேசினார்கள். ஒருத்தருக்கும் உண்மை தெரியாது. எனக்குத் தெரியும். கோட்டைச்சாமி என் வீட்டுக்காரர். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்பார்கள்; எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

அது அறுபத்தெட்டாம் வருஷம். கோயில் பொங்கல், கல்யாண வீடு, எங்கே பார்த்தாலும் மெல்லிசைக் கச்சேரி. வெள்ளைத்துரை நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை. அவன் கிடாரை வாசிக்க மாட்டான், அதோடு மல்லுக்கு நிற்பான். ஆறு கம்பியையும் சேர்த்து அறைவான். அவனுடைய ஒலிபெருக்கிக்குள் சத்தத்துக்கு அதிர்கிற காகிதக் கூம்பு கிழிந்து கிடந்தது. வேண்டுமென்றே மாற்றாமல் வைத்திருந்தான். அடிக்கு அடி அது கரகரவென்று உறுமும், இளவட்டங்கள் துண்டைச் சுழற்றிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். என் வீட்டுக்காரர் வேறு மாதிரி. ஒற்றைக் கம்பியைத் தொடுவார். தொட்ட விரலாலேயே அதைத் தள்ளி வளைப்பார். சத்தம் அழுதுகொண்டே மேலே ஏறும், பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். "பக்குவமான கைப்பா" என்று ஊர் மெச்சும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது பக்குவமில்லை, பயம்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவருக்கு வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை. நான் அங்கேயே வெடிக்குத் திரி வைக்கிறவள். மருந்து அறையில் இரும்பு கூடாது, செருப்பு கூடாது. தட்டக் கூடாது, உரசக் கூடாது, எதையும் கீழே போடக் கூடாது. மீசை முளைக்கும் முன்பே உள்ளே போனவர். வீட்டிலும் அவர் செம்பைத் தரையில் வைத்தால் சத்தம் வராது, கதவைச் சாத்தினால் சாத்தியதே தெரியாது. அந்த வருஷம் சித்திரையில் அடுத்த அறை வெடித்தது. அவருடைய கூட்டாளி கண்ணுச்சாமியைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார்கள். அடுத்த வாரமே இவரை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார்கள். போனார். போகாமல் என்ன செய்வது? எங்களுடையது வானம் பார்த்த பூமி, வானமோ எங்களைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து சாயங்காலச் சங்கு ஊதும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

அந்த நேரத்தில்தான் மதுரையில் பெரிய கச்சேரிக் குழு வைத்திருந்த சங்கிலிமுத்து ஆள் தேடினார். எம். புதுப்பட்டிக் கோயில் பொங்கலுக்கு வந்து இரண்டு பேரையும் கேட்டு, ஒருவரைக் கூட்டிப்போவதாகச் சொல்லி அனுப்பினார். மருந்து அறைக்கு வெளியே எங்களுக்குத் திறந்த ஒரே கதவு அதுதான்.

"ஒரு தடவை அவன மாதிரி ஓங்கி அடிங்களேன்," என்றேன் முந்தின நாள்.

"வரமாட்டேங்குது பேச்சி."

"கம்பிதான, மருந்தா? அறுந்தா அறுந்துட்டுப் போகுது."

"எனக்குத் தெரியுது. கைக்குத் தெரியலையே."

புதுப்பட்டியில் தெருவின் இரண்டு முனையிலும் எதிரெதிராக மேடை போடுவார்கள். இங்கே ஒரு பாட்டு, அங்கே ஒரு பாட்டு. நடுவில் உட்கார்ந்திருக்கும் சனம் பிடித்தால் திரும்பி உட்காரும். பிடிக்காவிட்டால் திரும்பாது, முதுகுக்கு வாசிக்க வேண்டியதுதான். அன்று பொழுது சாயும்போது என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பிய சனம் அப்படியே இருந்துவிட்டது. அங்கே வெள்ளைத்துரை அறைந்து பார்த்தான், ஒரு தலைகூட அசையவில்லை. மதுரையில் வீடு பிடித்து, அடுப்புகூட மூட்டிவிட்டேன் மனசுக்குள்.

சங்கிலிமுத்து எங்கள் மேடைக்கு வந்தார்.

"தம்பி, வெரலு அம்புட்டு சுகமா இருக்கு. ஆனா என் கச்சேரி ஓங்கி ஒரு அடியிலதான் ஆரம்பிக்கும். கடைசி வரிசைல நிக்கிறவன் நெஞ்சுல விழணும். ஒண்ணே ஒண்ணு அடிச்சுக் காட்டுங்க, இப்பவே என்கூட வாங்க."

என் வீட்டுக்காரர் கையைத் தலைக்கு மேல் தூக்கினார். என்னைப் பார்த்தார்.

"அடிங்க!" என்று கத்தினேன். வெட்கமே இல்லை எனக்கு.

கை வேகமாக இறங்கியது. கம்பிக்கு ஒரு சாண் மேலே தானாக நின்றது. அப்புறம் மெல்லப் போய்க் கம்பிமேல் உட்கார்ந்தது. மறுபடி தூக்கினார், மறுபடி நின்றது. அதுவும் ஒரு வித்தை என்று நினைத்துச் சனம் கை தட்டியது. பாவி சனம்.

"என்ன வேலை பாக்கீக?" என்று கேட்டார் சங்கிலிமுத்து.

"மருந்து அறைங்க."

அவர் அந்தக் கையைப் பிடித்துக் கொஞ்சநேரம் வைத்திருந்தார். பிறகு தெருவின் அடுத்த முனைக்கு நடந்தார். எங்கேயும் போகவேண்டிய அவசியமே இல்லாத வெள்ளைத்துரை மதுரைக்குப் போனான்.

மறுநாள் காலையில் இவர் கஞ்சியைக் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தார். வைத்த சத்தமே கேட்கவில்லை. எனக்குத் தாங்கவில்லை. கஞ்சிப் பானையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினேன்.

"இந்த வீட்டுல ஒரு சத்தமாவது கேக்கட்டும்!"

முழுப் பலத்தோடும் போட்டேன். போட்டதாகத்தான் நினைத்தேன். பானை என் காலடியில் இருந்தது. ஒரு சொட்டுக் கஞ்சி சிந்தவில்லை, சின்னச் சத்தம்கூட வரவில்லை. என் இரண்டு கையும் இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. அவர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவர் முன்னால் போனார். நான் கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் போனேன். சாத்தியது எனக்கே கேட்கவில்லை.