பிஸ்கட் டின்னில் கிடந்த விசாரணை

சுதாகரனை வேலையிலிருந்து நீக்கியதற்குச் சொல்லப்பட்ட காரணம் மிகவும் பாரதூரமானது. ஒரு கடிதத்தை, அது யாருக்கு எழுதப்பட்டதோ அவர் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். ஒரு தபால்காரன் இப்படியெல்லாம் செய்யலாமா?

நோர்வூட்டுக்கு மேலே மூன்று மைல்கட்டை தூரத்தில் இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் தபாலுக்கென்று ஒரு முறை இருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு வரும் கடிதங்களைத் தபால்காரன் கட்டாகத் தோட்டத்து ஆபீசில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவான். தன் புத்தகத்தில் 'ஒப்படைக்கப்பட்டது' என்று எழுதுவான். கிளாக்கர் நல்லமுத்து அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போடுவார். அவருக்கு மனசு வரும் ஒரு காலையில் டின், வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்துக்கு இறங்கும். கணக்கப்பிள்ளை அழகன், கொழுந்து பறிக்க யார், வடிகால் கான் வெட்ட யார் என்று ஆள் பிரித்துவிட்டுக் கடிதங்களின் பெயர்களைக் கூப்பிடுவார். நிற்பவர்கள் வாங்கிக்கொள்வார்கள். நிற்காதவர்களின் கடிதம் திரும்ப டின்னுக்குள் போய்விடும்.

சுதாகரனும் அந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்து, இன்றும் அங்கேயே குடியிருப்பவன்தான். பதினொரு வருடம் கடிதக் கட்டைக் கொடுத்தான், கையெழுத்தை வாங்கினான், நிம்மதியாகத் தூங்கினான். போன மாசியில்தான் புத்தி பிசகியது. கொழுந்து பறிக்கும் மீனம்மாவின் மகள் கிருஷாந்திக்கு ஆசிரியர் வேலை நேர்முகத்துக்கு ஒரு பதிவுத் தபால் வந்திருந்தது. நேர்முகத்துக்கு இரண்டே நாள். டின்னை நினைத்துப் பார்த்தவன், நேரே எட்டாம் லயத்துக்கு ஏறிப்போய் அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்தான். அவள் போனாள், வேலையும் கிடைத்தது.

ஆபீசுக்குப் பொறுக்குமா? பதிவுத் தபால் ஒன்று தங்களிடம் வந்து சேரவில்லை என்று மேலிடத்துக்கு முறைப்பாடு போயிற்று. சுதாகரனை இடைநிறுத்தினார்கள். விசாரணைக்குக் கடிதம் வரும், உன் பக்கத்தை அங்கே சொல்லு என்றார் தபாலதிபர். சுதாகரனுக்குப் பயமில்லை. மீனம்மாவும் மகளும் சாட்சிக்கு வருவார்கள். நடந்ததைச் சொன்னால் யாருக்குத்தான் விளங்காது? கடிதத்துக்காகக் காத்திருந்தான்.

மூன்று மாதம் காத்திருந்தான். அவன் வீட்டிலிருந்து பெரட்டுக்குப் போக ஆளில்லை. மனைவி சுலக்ஷனா நஸார் முதலாளியின் துணிக்கடையில் வேலைக்கு நிற்கிறாள். திணைக்களத்துக் கடிதம் என்றால் தபாலகத்திலேயே கூப்பிட்டுக் கையில் தருவார்கள் என்று நம்பினான். டின்னைப் பதினொரு வருடம் நிரப்பியவனுக்கு, தானும் ஒரு நாள் அதற்குள் விழுவோம் என்று தோன்றவேயில்லை.

அவனுக்குப் பதிலாகத் தபால்காரனாக வந்த திலக்ஷன்தான் கடைத்தெருவில் வைத்துச் சொன்னான். "அண்ணே, உங்கள வேலையில இருந்து நிப்பாட்டிட்டாங்களாம். வெசாரணைக்குக் கூப்பிட்டும் நீங்க போகலியாமே?"

சுதாகரன் ஆபீசுக்கு ஓடினான். டின்னுக்குள் குற்றப்பத்திரம், விசாரணைக்கு அழைப்பு, பணிநீக்கம் என்று மூன்று கடிதங்கள் வரிசை குலையாமல் இருந்தன. அந்த ஒழுங்கைப் பாராட்டத்தான் வேண்டும்.

"பெரட்டுல பேரு கூப்பிட்டோமே தம்பி" என்றார் நல்லமுத்து. "கவுருமெண்டு உத்தியோகம் பாக்குறவங்க பெரட்டுப் பக்கம் எங்க வரப்போறீங்க!"

மேன்முறையீடு எழுதினான். டவுனுக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி தங்கமான மனிதர். பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார், "கடிதம் கிடைக்கவில்லை என்கிறீர்கள். ஒப்படைக்கப்பட்டது என்று பதிவு இருக்கிறதே?"

"தோட்டத்து ஆபீசில் கொடுத்திருக்கிறார்கள் சேர். என் கைக்கு வரவில்லை."

அதிகாரி இன்னொரு புத்தகத்தைத் திறந்து திருப்பி வைத்தார். "இது உங்கள் எழுத்துத்தானே? ஆபீசில் கொடுத்துவிட்டு நீங்கள் என்ன எழுதியிருக்கிறீர்கள்?"

பக்கம் பக்கமாக அவனுடைய முத்து முத்தான கையெழுத்து. ஒப்படைக்கப்பட்டது, ஒப்படைக்கப்பட்டது. சுதாகரனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இதில் எத்தனை பேரின் நேர்முகம், எத்தனை பேரின் வழக்குத் தேதி டின்னுக்குள் செத்துப்போயிருக்கும்?

"தப்புத்தான் சேர்" என்றான். "பதினொரு வருடமும் தப்பாகத்தான் எழுதினேன். ஒரு நாள் சரியாகச் செய்தேன். அந்த ஒரு நாளுக்குத்தான் வேலையைப் பறித்தீர்கள்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுவிசாரணை பற்றி யோசித்துப் பதிவுத் தபாலில் அறிவிப்பதாகச் சொன்னார். கையிலேயே தந்துவிடுங்கள் என்று சுதாகரன் கெஞ்சினான். அது முறையல்ல என்றார்.

மறுநாள் காலையிலிருந்து தபால்காரன் சுதாகரன் பெரட்டில் நின்றான்.

"ஒனக்கு என்னப்பா, கொழுந்தா, கானா?" என்று அழகன் கேட்டார்.

"கடுதாசிங்க."

களமே சிரித்தது. பனியிலும் மழையிலும் நாள் தவறாமல் நின்றான். நடுவில் கோயில் தேர் வந்தது. நல்லமுத்து தேருக்கு லீவு போட்டார், டின்னும் லீவில் இருந்தது. லீவு தொடங்கிய ஐந்தாம் நாள் டின் இறங்கியதும் முதல் பெயரே அவனுடையதுதான். உறையைக் கிழித்தான். மறுவிசாரணைக்கு அனுமதி. சாட்சிகளோடு வரலாம். வராவிட்டால் பணிநீக்கமே முடிவு, அதற்குமேல் பேச்சில்லை. தேதியைப் பார்த்தான். நேற்று, காலை பத்து மணி.

அழகன் தோட்டத்துத் தபால் புத்தகத்தை நீட்டினார். "கெடச்சதுன்னு கையெழுத்து வையி."

சுதாகரன் வைத்தான். பக்கத்தில் அன்றைய தேதியையும் ஆறு நாற்பது என்று மணியையும் பெரிதாக எழுதினான். விசாரணை நேற்று முடிந்தது என்றும் எழுதினான். அந்தப் புத்தகத்தில் அதுவரை ஒருவரும் மணி எழுதியதில்லை.

"குடு தம்பி, நானும் பாத்தேன்னு போடுறேன்" என்று மீனம்மா பேனாவைப் பிடுங்கினார். பின்னால் கடிதத்துக்காக நின்ற கிழவர் இராமையா, "என் பென்சன் கடுதாசியும் நாலு மாசம் இதுக்குள்ளதான் கெடந்துச்சு" என்று முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் கூடையோடு ஒரு வரிசை நின்றது. நேரமாகிறது என்று அழகன் கத்தினார். அன்றைக்கு அரை மணி நேரம் பிந்தித்தான் கொழுந்துக்கு ஏறினார்கள்.

அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்தான் சுதாகரன். நஸார் முதலாளியின் கடையில் கணக்குக்கு வைத்திருந்த பிரிண்டரில் அச்செடுத்து, புதிய மனுவோடு சேர்த்து உறையில் வைத்தான். முத்திரை ஒட்டவா என்று சுலக்ஷனா கேட்டாள். வேண்டாமென்று சொல்லிவிட்டு, மீனம்மாவையும் கூட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினான். கடிதத்தைக் கையிலேயே கொண்டுபோனான்.